பில்ட்மோர் காட்டை வைத்தது யார்? ஓம்ஸ்டெட் பற்றி ஒரு விவாதம்

சார்லட்வாசி எழுதியது:

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். வட கரோலினாவில் இருக்கும் நம்மவர்கள், பெற்றோர் வந்தால் கட்டாயம் கூட்டிப்போகும் இடங்களில் ஆஷ்வில் பக்கம் இருக்கும் பில்ட்மோர் மாளிகை எஸ்டேட்டும் ஒன்று. டிக்கெட் விலையைச் சொன்னால் அப்பா காரைவிட்டே இறங்க மாட்டார் என்பதால் சொல்லாமல் அழைத்துப் போனேன்.

மாளிகையைப் பற்றி எழுத வரவில்லை. 250 அறை, வாண்டர்பில்ட் குடும்பத்து ரயில்வே பணம், 1895 கிறிஸ்துமஸுக்குத் திறந்தது, இதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. என் கேள்வி அதற்கு முன்னால் வரும் சாலையைப் பற்றியது. நுழைவாயிலிலிருந்து வீடு கண்ணில் படும்வரை சுமார் மூன்று மைல். இரண்டு பக்கமும் காடு. சாலை ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. ஒரு திருப்பத்திலும் தூரத்துக் காட்சி கிடையாது. அப்பா இரண்டு தடவை "வழி தப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டார். கடைசி வளைவில் காடு சட்டென்று முடிந்து, நீளமான புல்வெளி, அதன் மறுகோடியில் வீடு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

திரும்பும்போது அம்மா, "இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியும் காட்டை அழிக்காம விட்டிருக்காங்க பாரு" என்றார். நானும் ஆமாம் போட்டேன். ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அது அழிக்காமல் விட்ட காடு இல்லை, ஆள் வைத்து நட்ட காடு என்று. நட வைத்தவர் ஃப்ரெட்ரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து வடிவமைத்தவர். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற தொழிலே அமெரிக்காவில் அவரோடுதான் தொடங்கியது என்கிறார்கள்.

அவர் போய்ச் சேர்ந்து 120 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மரம் வளரும், சாகும், புதிதாக வைப்பார்கள். அப்படியானால் அங்கே இன்றைக்கு அவருடையது என்று எஞ்சியிருப்பது எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாற்றங்கால் எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் அம்மா ஏமாந்ததைவிட ஓம்ஸ்டெட்டுக்குப் பெரிய பாராட்டு கிடையாது. நட்டது என்று தெரியக்கூடாது என்பதுதான் அவர் வேலை.

முதலில் அந்த நிலம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1888-இல் ஜார்ஜ் வாண்டர்பில்ட் மலைக்காட்சியில் மயங்கி அங்கே நிலம் வாங்கத் தொடங்கினார். மலை தூரத்தில் அழகு. காலடியில் இருந்தது சத்துப்போன மண். நல்ல மரத்தையெல்லாம் திரும்பத் திரும்ப வெட்டி எடுத்துவிட்டு சோனி மரங்களை மட்டும் விட்டிருந்தார்கள். நெருப்பு வைத்து, மாடு மேய்த்து, உழுது கைவிட்ட கொல்லைகள். வாண்டர்பில்டுக்கு 26 வயது. இங்கிலாந்து பிரபுக்களைப் போல மாளிகையைச் சுற்றிப் பெரிய பார்க் வேண்டும் என்று ஆசை.

ஓம்ஸ்டெட் அதற்கு மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு 66 வயது, பெயர் நாடு முழுக்கத் தெரியும். 1889-இல் எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: இந்த மண் பார்க்குக்கு ஆகாது. வீட்டிலிருந்து பார்க்க ஒரு சின்னப் பார்க் போதும், பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டம். ஆற்றோரப் படுகையில் விவசாயம் செய்யுங்கள், அதிலும் முக்கியமாக எருவுக்காகக் கால்நடை வளருங்கள். மீதி எல்லாவற்றையும் காடாக்குங்கள். இது உங்களுக்குக் கௌரவமான தொழில், நீண்டகாலத்தில் முதலுக்கு மோசமில்லை, நாட்டுக்கும் உபயோகம்.

கோடீஸ்வர வாடிக்கையாளரிடம் "உங்கள் மண்ணுக்கு எரு வேண்டும்" என்று எழுதிய வடிவமைப்பாளரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

சாலைக்கு வருவோம். அந்த மூன்று மைலும் ஆள் நடமாட்டமில்லாத அடர்ந்த காட்டுக்குள் போகிற உணர்வைத் தர வேண்டும் என்பது அவர் திட்டம். அதனால்தான் மேட்டு வழியை விட்டுவிட்டுப் பள்ளத்தில் சாலை போட்டார். ஓடையை அங்கங்கே தேக்கிச் சின்னக் குட்டைகள் செய்தார். பின்னால் ரோடோடென்ட்ரான், முன்னால் மவுண்டன் லாரல், அப்புறம் தரையோடு தரையாகச் சிறு செடிகள் என்று அடுக்கடுக்காக நட்டார்கள். பெரும்பாலும் அந்த மலைப்பகுதிச் செடிகளே. அவ்வளவு செடி விலைக்குக் கிடைக்காது. அதனால் எஸ்டேட்டிலேயே நாற்றங்கால் போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள 1890-இல் கனடாவிலிருந்து சான்சி பீடில் என்ற இளைஞர் வந்தார். கொஞ்ச நாள் வேலை என்று வந்தவர் 1950-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: எஞ்சியிருப்பது மரம் இல்லை. எந்த இடத்தில் என்ன கண்ணில் படலாம், என்ன படக்கூடாது என்று அவர் போட்ட கணக்கு. செடி மாறினாலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

---

கட்டடக்காரன் எழுதியது:

ஓம்ஸ்டெட்டைக் கொஞ்சம் ஓவராகத் தூக்குகிறீர்களோ? நான் கட்டடக் கலைஞன், சென்னையில் அலுவலகம். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது வேறு. வளைந்து போகிற வழி, வீட்டை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுவது, இயற்கையானது போலவே தோன்றும் ஏரி, இதையெல்லாம் 18-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் லான்சிலட் பிரவுன் செய்துவிட்டார். 1760-களில் பிளெனம் அரண்மனையில் கிளைம் என்ற சிற்றாற்றை அணை கட்டித் தேக்கி, வான்பிரு கட்டிய பெரிய பாலத்தின் கீழறைகளே முழுகுகிற அளவுக்கு ஏரி ஆக்கினார். இன்றைக்குப் போகிறவர்கள் அது ஆதியிலிருந்தே ஏரி என்று நினைக்கிறார்கள். உங்கள் அம்மாவைப் போலத்தான்.

ஓம்ஸ்டெட் 1850-இல் இங்கிலாந்துக்கு நடைப்பயணம் போய் இதையெல்லாம் பார்த்து, பர்கன்ஹெட் பூங்காவைக் கண்டு அசந்துபோனவர். கற்றுக்கொண்டதை அமெரிக்க அளவுக்குப் பெரிதாக்கினார். முன்னோடி என்றால் அங்கேதான் தேட வேண்டும்.

---

நாற்றங்கால் எழுதியது:

கட்டடக்காரன் சார், வழிமுறை இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதை ஓம்ஸ்டெட்டே மறுக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டீர்கள். பிரவுனுக்குப் புல்வெளிதான் பிரதானம். எல்லையைச் சுற்றி ஒரு வேலி போல மர வரிசை, நடுவில் அங்கங்கே கொத்துக் கொத்தாக மரம், ஜன்னல்வரை வரும் பச்சைப் புல். அந்த மழைக்கும் குளிருக்கும் புல் தானாக வரும். ஓம்ஸ்டெட் பில்ட்மோரில் அதைத்தான் வேண்டாம் என்றார். காட்சிக்காக நிலம் என்பதைத் திருப்பிப்போட்டு, நிலத்துக்கு எது நல்லதோ அதிலிருந்து காட்சி என்றார். பிரவுன் ஒரு ஜமீனுக்கு வனத்துறை அதிகாரியை நியமிக்கச் சொன்னதாக நான் படித்ததில்லை!

ஓம்ஸ்டெட் அதையும் செய்தார். 1892-இல் கிஃபர்ட் பின்ஷோ என்ற இளைஞரை அங்கே கொண்டுவந்தார்கள். முறையாகத் திட்டம்போட்டு, மரத்தை வெட்டிக்கொண்டே காட்டை வளர்ப்பது என்ற நவீன வனவியல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது அங்கேதான். பின்ஷோ 1905-இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் ஆனார். பில்ட்மோரில் அவர் இடத்துக்கு 1895-இலேயே ஜெர்மனியிலிருந்து கார்ல் ஷெங்க் வந்துவிட்டார். 1898-இல் எஸ்டேட்டிலேயே வனவியல் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவின் முதல் வனவியல் பள்ளி அது. 1913 வரை நடந்தது.

---

காப்புக்காடு எழுதியது:

பின்ஷோ, ஷெங்க் இருவர் பெயரையும் சொன்ன பிறகு நான் சும்மா இருக்க முடியாது. என் அப்பா வனத்துறையில் ஃபாரஸ்ட் கார்டு. நான் பிறந்து வளர்ந்ததே குவார்ட்டர்ஸில்தான். எங்கள் வீட்டுக் கதைக்கும் பில்ட்மோருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்: டீட்ரிச் பிராண்டிஸ்.

ஜெர்மன்காரர், தாவரவியல் படித்தவர். 1856-இல் பர்மா தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பாக வந்தார். 1864-இல் இந்திய வனத்துறை உருவானபோது அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். ஓய்வு பெற்று பான் நகரத்தில் இருந்தவரைத்தான் 1889-இல் ஐரோப்பா போன பின்ஷோ தேடிப் போய்ப் பார்த்தார். பிரான்ஸில் நான்சி வனப் பள்ளிக்குப் போ என்று வழிகாட்டியது பிராண்டிஸ். ஷெங்க்கும் பிராண்டிஸின் ஆள்தான், அவர் மாணவர்களோடு காடு சுற்றியபோது உதவியாளராக இருந்தவர். பில்ட்மோருக்கு அவர் பெயரைச் சிபாரிசு செய்ததும் பிராண்டிஸ்தான்.

இதே மனிதர்தான் 1881 முதல் 1883 வரை மதராஸ் மாகாணத்தில் சுற்றி, இங்கே வனத்துறையைச் சீரமைத்தார். 1882 மதராஸ் வனச் சட்டம் வந்தது அப்போதுதான். நம் மலையடிவாரங்களில் "காப்புக்காடு" என்று கல்லும் போர்டும் பார்த்திருப்பீர்களே, அதற்கெல்லாம் மூலம் அந்தச் சட்டம். 1878-இல் மத்தியில் ஒரு வனச் சட்டம் கொண்டுவந்தபோது மதராஸ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை, கிராமத்தாருக்குக் காட்டில் இருக்கும் பாத்தியதையை அப்படி ஒரேயடியாகத் தூக்கிவிட முடியாது என்று வாதாடியது. அதனால்தான் இங்கே தனிச் சட்டம். பிராண்டிஸும் கிராமங்களுக்கென்று தனிக் காடு விட வேண்டும் என்ற பக்கம்தான். நடந்தது வேறு, அது இன்னொரு இழைக்கான விஷயம்.

பர்மாவிலும் இந்தியாவிலும் கற்றுக்கொண்ட பாடம் ஜெர்மனி வழியாக வட கரோலினாவில் ஒரு பணக்காரர் எஸ்டேட்டில் போய் இறங்கியது என்பது எனக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது மாதிரி இருக்கிறது. பில்ட்மோருக்குப் போகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

---

மறுபக்கம் எழுதியது:

எல்லாரும் மண், மரம், சட்டம் என்று பேசுகிறீர்கள். அந்தக் கைவிட்ட கொல்லைகள் யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

யார் வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று வாண்டர்பில்ட் ஏஜென்ட் மூலமாக வாங்கினார். சின்னச் சின்னப் பண்ணைகள். அதில் ஷைலோ என்று கறுப்பின மக்களின் குடியிருப்பும் உண்டு. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு சொந்தமாக நிலம் வாங்கி, தேவாலயம் கட்டி வாழ்ந்தவர்கள். அவர்கள் நிலத்தையும் வாங்கி, தேவாலயத்தை நகர்த்தி, கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள், சரி. ஆனால் "ஆள் நடமாட்டமில்லாத காட்டு உணர்வு" என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆள் நடமாட்டம் எப்படி இல்லாமல் போனது என்பதும் வடிவமைப்பில் சேர்த்திதானே?

---

காப்புக்காடு எழுதியது:

மறுபக்கம், நீங்கள் சொல்வது எனக்குப் புதிதில்லை. காப்புக்காட்டுக்குள் மாடு ஓட்டியதற்கு அபராதம் போட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா அபராதம் எழுதிவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

ஆனால் ஒன்று. 1850-களில், தோட்டக்கலைக்கு வருவதற்கு முன்னால், ஓம்ஸ்டெட் பத்திரிகையாளராகத் தென் மாநிலங்கள் முழுக்கச் சுற்றியவர். அடிமை உழைப்பு அந்த நாட்டின் மண்ணையும் மனிதரையும் எப்படிச் சீரழிக்கிறது என்று விரிவாக எழுதியவர். 1854-இல் அந்த ஆஷ்வில் மலைவழியாகவே திரும்பிப் போனார். அப்படிப்பட்ட ஆள் ஷைலோ பற்றி என்ன நினைத்திருப்பார் என்பது என்னைக் குடைகிற கேள்வி. அவரை விடுவிப்பதற்காகச் சொல்லவில்லை.

---

சார்லட்வாசி எழுதியது:

மறுபக்கம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க இந்தப் பக்கமே வரவில்லை. நன்றி, அங்கே சுற்றிக்காட்டியபோது இது என் காதில் விழவில்லை.

அப்பா சொன்ன ஒரு விஷயத்தை இங்கே போட வேண்டும். மாளிகைக்குக் கீழே பாஸ் குளம் என்று ஒரு ஏரி. தோட்டங்கள் வழியாக இறங்கிப் போனால் வரும். சின்னதாக இருந்த ஆலைக் குட்டையை ஓம்ஸ்டெட் பெரிதாக்கியது. மழைக்காலத்தில் கலங்கலாக, சருகும் கிளையும் அடித்துக்கொண்டு வரும் வெள்ளம் ஏரிக்குள் போனால் வண்டல் சேர்ந்து மேடாகிவிடும் இல்லையா? அதற்காக அந்தத் தண்ணீரை ஏரிக்குள் விடாமல் தனியாகக் கொண்டுபோக, செங்கல்லால் கட்டிய வழி ஒன்றை அடியில் வைத்திருக்கிறார். நான் இதைப் படித்துக் காட்டியதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஏரியில கலிங்கு, மிஞ்சின தண்ணிய வெளிய விடும். இவன் கெட்ட தண்ணிய உள்ளயே விடல பாரு. நம்ம ஏரிக்கு இது இருந்திருந்தா பாதி ஏரி மேடாயிருக்காது" என்றார். மாளிகையின் 250 அறையும் அவரை அசைக்கவில்லை, அந்தச் செங்கல் வழி அசைத்துவிட்டது.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தது நினைவிருக்கும். ஆஷ்விலில் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு 1916 வெள்ளத்தின் அளவையும் தாண்டியது. 1916-இல் எஸ்டேட்டின் நாற்றங்காலே அடித்துக்கொண்டு போனது. இந்தத் தடவை வாசலுக்கு வெளியே இருக்கும் பில்ட்மோர் வில்லேஜ் முழுகியது, எஸ்டேட்டின் தாழ்வான பகுதிகளும் அடிவாங்கின, ஏராளமான மரம் சாய்ந்தது. மேட்டில் இருந்த மாளிகைக்குப் பெரிய சேதமில்லை. நவம்பர் 2-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள்.

---

கட்டடக்காரன் எழுதியது:

கலிங்கு உவமையில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

இன்னும் ஒன்றும் ஒத்துக்கொள்கிறேன். மாளிகையை வடிவமைத்தவர் ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட், பெரிய கை. எங்கள் தொழிலில் லேண்ட்ஸ்கேப் ஆட்களைக் கடைசியில் கூப்பிட்டு "நாலு செடி வையுங்கள்" என்பதுதான் வழக்கம். இங்கே ஓம்ஸ்டெட் ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்திருக்கிறார். வடமேற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும், குதிரை லாயத்தை வடக்குப் பக்கம் வைத்தால் முன்முற்றத்துக்கு அது மறைப்பாகும் என்று சொல்லி வீட்டின் அமைப்பையே பாதித்திருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்காதீர்கள்.

ஆனால் அவர் வென்றதை மட்டும் பேசுகிறோம். அவருக்கு மனசில் இருந்த பெரிய திட்டம் ஆர்போரீட்டம், அதாவது மரங்களின் உயிருள்ள காட்சிச்சாலை. மைல் கணக்கில் ஒரு சாலை, இரண்டு பக்கமும் இனவாரியாக மரங்கள், விஞ்ஞானிகள் வந்து படிக்கலாம். பில்ட்மோரின் மிகப் பெரிய பயன் அதுதான் என்று நினைத்தார். நடக்கவே இல்லை. வாண்டர்பில்டின் பணமும் ஆர்வமும் குறைந்தது. 1895-இல் எஸ்டேட்டில் வைத்து ஜான் சிங்கர் சார்ஜன்ட் ஓம்ஸ்டெட்டை ஓவியமாக வரைந்தார், காட்டுச் செடிகளுக்கு நடுவில் கைத்தடியோடு நிற்பார். அதே சமயத்தில்தான் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அந்த வருஷத்தோடு தொழிலை விட்டார். கடைசி வருஷங்கள் மாசசூசெட்ஸில் மெக்லீன் மனநல மருத்துவமனையில். அந்த வளாகத்தின் அமைப்பு பற்றி முன்பு ஆலோசனை சொன்னவரே அவர்தான். 1903-இல் அங்கேயே இறந்தார்.

---

நாற்றங்கால் எழுதியது:

ஆர்போரீட்டம் போனது உண்மை. ஆனால் "மீதியைக் காடாக்கு" என்ற அந்த ஒரு வரி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். எஸ்டேட் உச்சத்தில் 1,25,000 ஏக்கர். 1914-இல் வாண்டர்பில்ட் இறந்தார். அவர் மனைவி ஈடித் சுமார் 87,000 ஏக்கரை, ஏக்கர் ஏறக்குறைய 5 டாலருக்கு அமெரிக்க அரசுக்கு விற்றார். பிஸ்கா தேசிய வனத்தின் மையப் பகுதி அதுதான். இன்று யார் வேண்டுமானாலும் போய் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. குடும்பத்திடம் மீதியிருப்பது சுமார் 8,000 ஏக்கர்.

ஒரு கோடீஸ்வரர் ஊர் முழுக்கப் புல் வெட்டிக்கொண்டிருந்தால் அவர் செத்ததும் அந்த நிலம் மனைகளாகப் போயிருக்கும். காடாக இருந்ததால்தான் காடாகவே கைமாறியது. ஷைலோ பற்றி மறுபக்கம் சொன்னதை இது அழித்துவிடாது, தெரியும்.

---

ஊட்டிக்குளிர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். ரோடோடென்ட்ரான் என்று படித்ததும் நுழைந்துவிட்டேன். எங்கள் நீலகிரிச் சோலைகளில் இருக்கும் காட்டுப்பூவரசும் அதே பேரினம்தான், சிவப்பாகப் பூக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். 130 வருஷம் ஆன நடவு, பாதி மரம் கிழடாகியிருக்கும், புயலில் வேறு சாய்ந்திருக்கிறது. இப்போது பராமரிக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? அவர் பட்டியலில் இருந்த அதே மரத்தை அதே இடத்தில் வைப்பதா? இல்லை, இப்போதைய வெயிலுக்கும் பூச்சிக்கும் தாங்குவதை வைப்பதா?

---

நாற்றங்கால் எழுதியது:

உண்மையான தலைவலியே அதுதான். உதாரணத்துக்கு ஹெம்லாக் மரம். அவர் காலத்தில் நிழலுக்கும் அடர்த்திக்கும் அதைவிட நல்லது கிடையாது. இப்போது ஜப்பானிலிருந்து வந்த ஒரு குட்டிப் பூச்சி அந்த மலை முழுக்க ஹெம்லாக்கை உறிஞ்சிக் கொன்றுகொண்டிருக்கிறது. அதே மரத்தை வைத்தால் வாழ்நாள் முழுக்க மருந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓம்ஸ்டெட்டே இதற்குப் பாதி பதில் சொல்லிவிட்டார். நெருக்கமாக நடு, வளர வளரக் கலைத்துவிடு என்பது அவர் முறை. நம் ஊரில் பயிர் கலைப்பது போலத்தான். ஆனால் மரத்தை வெட்டினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். சென்ட்ரல் பார்க்கிலேயே வந்தார்கள். கோடாலி இல்லாமல் தோட்டம் இல்லை என்று விளக்கி 1889-இல் அவர் தனியாக எழுதவே வேண்டியிருந்தது. ஆகவே நட்ட மரம் அப்படியே நிற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. என் கட்சி: சாலைத் திருப்பத்தில் இருட்டு வேண்டும் என்றால் இருட்டு தருகிற எந்த மரமும் சரி. ஹெம்லாக்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது அவர் பட்டியலை மதிப்பது, அவரை மதிப்பது இல்லை.

---

கட்டடக்காரன் எழுதியது:

இதில் மட்டும் எதிர்க்கிறேன். "அவர் கருத்தை மதிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு பழைய கட்டடங்களை எங்கள் ஆட்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன். முதலில் மரம் மாறும், அப்புறம் சாலை அகலமாகும், கார் நிறுத்த இடம் வரும். பட்டியலாவது கையில் இருக்கட்டும்.

---

ஊட்டிக்குளிர் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் எங்கள் ஊருக்குப் பொருந்துகிறது, அதுதான் கஷ்டம். சரி, அங்கே பூ எந்த மாதம்?

---

சார்லட்வாசி எழுதியது:

அசேலியா ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. மேலே சொன்ன சான்சி பீடில் கடைசிக் காலத்தில் காட்டு அசேலியாவாகத் தேடித் தேடிச் சேர்த்து, 1940-இல் எஸ்டேட்டுக்கே கொடுத்துவிட்டார், அந்தத் தோட்டம் பாஸ் குளத்துக்குப் போகிற வழியில்தான். நாங்கள் போனது அக்டோபர், ஒரு பூ இல்லை. இந்த வாரக் கடைசி பிஸ்கா காட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். காலை ஆறு மணிக்கே கிளம்பலாம் என்கிறார்.